இந்த பாரை ஒட்ட வைத்திருப்பது எது? ஊட்டச்சத்து பார்களைப் பார்த்து வாங்குவது எப்படி

ஊட்டச்சத்து பார் எந்தப் பெயரில் வந்தாலும் அதன் அமைப்பு ஒன்றுதான். உதிரியான சில பொருட்கள் இருக்கும்: ஓட்ஸ், கொட்டைகள், விதைகள், உலர்பழத் துண்டுகள், புரதப் பொடி. அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பசை இருக்கும். பசை இல்லாவிட்டால் பார் இல்லை, கையில் ஒரு பிடி உதிரிதான் மிஞ்சும். அலமாரியில் வரிசையாக அடுக்கியிருக்கும் வகைகளில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உறையைத் திருப்பி, இதை ஒட்ட வைத்திருப்பது எது என்று தேடுங்கள். உள்ளே இருக்கும் பாதாமைப் பற்றி முன்பக்கம் பெரிய எழுத்தில் சொல்லும். பசை எது என்பது பின்பக்கத்தின் பொடி எழுத்தில்தான் இருக்கும். பாரில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு மென்மை, எத்தனை மாதம் கெடாது, தின்ற பிறகு வயிறு என்ன சொல்லும் என்பது வரை பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பசைதான்.

ஓடுகிறவர்களுக்காகப் பிறந்த உணவு

1962 மே மாதம் ஸ்காட் கார்பென்டர் 'அரோரா 7' விண்கலத்தில் பூமியைச் சுற்றியபோது, கடித்துத் தின்னும் சிறு உணவுக் கட்டிகளைக் கொண்டு போனார். அவை நொறுங்கின. எடையற்ற நிலையில் துகள்கள் விண்கலத்துக்குள் மிதக்க ஆரம்பித்தன. கருவிகளுக்குள் புகுந்தால் ஆபத்து. நொறுங்காத, கைக்கு அடக்கமான, நாள்பட இருந்தாலும் கெடாத உணவு வேண்டும் என்ற தேவை விண்வெளிப் பயணத்தில் அப்படித்தான் கூர்மையானது. விண்வெளி உணவில் வேலை செய்த பில்ஸ்பரி நிறுவனம் அந்த அனுபவத்தை வைத்தே 1960களின் இறுதியில் 'ஸ்பேஸ் ஃபுட் ஸ்டிக்ஸ்' என்ற குச்சி வடிவத் தின்பண்டத்தைப் பொதுமக்களுக்கு விற்றது.

இன்று நாம் பார்க்கும் எனர்ஜி பாருக்கு நேரடியான முன்னோடி இன்னொன்று. பிரையன் மாக்ஸ்வெல் என்ற கனடா நாட்டு மாரத்தான் வீரர் 1983இல் ஒரு பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் உடம்பில் தெம்பு முழுக்க வடிந்துபோய்த் தடுமாறினார். தசையில் சேமித்திருந்த மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. ஓடும்போதே தின்ன வேண்டும், வயிற்றைப் புரட்டவும் கூடாது. அப்படி ஒன்றைத் தேடி, ஜெனிபர் பிடல்ஃப் என்பவரோடு சேர்ந்து கலிபோர்னியாவில் அவர் தொடங்கியதுதான் 1986இல் விற்பனைக்கு வந்த 'பவர்பார்'.

இந்தப் பழைய கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த பார் சர்க்கரை நிறைந்ததாக இருந்ததில் தவறே இல்லை. மணிக்கணக்கில் ஓடுகிறவருக்கு, சைக்கிள் மிதிக்கிறவருக்கு, வேகமாக ரத்தத்தில் சேரும் மாவுச்சத்துதான் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடரும் கடும் உடற்பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது விளையாட்டு ஊட்டச்சத்தின் பொதுவான அறிவுரை. பிறகு என்ன ஆயிற்று? அதே பார், ஏறக்குறைய அதே செய்முறையோடு, ஓடுகிறவர் கையிலிருந்து மேசை முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் கைக்கு வந்துவிட்டது. உறையில் மலையேறுகிறவர் படம் மட்டும் மாறவில்லை.

பசை ஏன் இனிக்கிறது

பாரில் சர்க்கரைப் பாகு ருசிக்காக மட்டும் போடப்படுவதில்லை. அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஒட்டுவது. இரண்டு, கெடாமல் காப்பது. இரண்டாவதை நாம் அதிகம் யோசிப்பதில்லை.

ஒரு உணவு கெடுமா கெடாதா என்பதற்கு அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தால் போதாது. அந்தத் தண்ணீரில் எவ்வளவு கிருமிகளின் உபயோகத்துக்குக் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். இதை உணவு விஞ்ஞானிகள் நீர்ச் செயல்பாடு என்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. சுமார் 0.85க்குக் கீழே போனால் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருக முடியாது. 0.6க்குக் கீழே பூஞ்சை கூட வளராது. சர்க்கரை தண்ணீரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்வதால், மெத்தென்று ஈரமாக இருக்கும் ஒரு பார் கூட குளிர்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் பையில் கிடக்கிறது.

அதனால்தான் 'சர்க்கரை இல்லை' என்று ஒரு பார் சொன்னால், உடனே அடுத்த கேள்வி வர வேண்டும்: அப்படியானால் அந்த இரண்டு வேலையையும் செய்வது யார்? விடை பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். பேரீச்சம்பழ விழுது. கிளிசரின். இனுலின் போன்ற நார்ச்சத்தைப் பாகாக்கிச் செய்தது. மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால் (பெயர்தான் அப்படி, மது அல்ல; சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஒரு வகை இனிப்பு). அல்லது பாதாம், நிலக்கடலையை அரைத்த வெண்ணெய். இதில் எண்ணெய்ப் பசைதான் பிடிப்பைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு விலை உண்டு.

ஒரு உறையைத் திருப்பிப் பார்ப்போம்

எங்கும் கிடைக்கும் ஓட்ஸ் பார் ஒன்றைக் கையில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். எடை 45 கிராம். 190 கலோரி. கொழுப்பு 7 கிராம், மாவுச்சத்து 28, அதில் சர்க்கரை 12, நார்ச்சத்து 3, புரதம் 4. முன்பக்கத்தில் 'முழுதானியம்', 'புரதச் சக்தி' என்ற இரண்டு வாசகங்கள்.

முதலில் சர்க்கரை. 12 கிராம் என்றால் கிட்டத்தட்ட மூன்று டீஸ்பூன். பாரின் எடையில் கால் பங்குக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவுப்படி, உணவில் தனியாகச் சேரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது. அந்த 5 சதவீதம் ஒரு பெரியவருக்கு நாளுக்குச் சுமார் 25 கிராம். இந்தப் பாரின் சர்க்கரை முழுக்கப் பாகிலிருந்து வந்தது என்றால், ஒரே பாரில் பாதி நாளின் கணக்கு முடிந்தது.

அடுத்து புரதம். 4 கிராம் புரதம் தரும் கலோரி 16. மொத்தம் 190இல் அது 8 சதவீதம் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 'புரதம் தருவது' என்று எழுத மொத்தக் கலோரியில் 12 சதவீதமாவது புரதத்திலிருந்து வர வேண்டும். 'புரதம் நிறைந்தது' என்று சொல்ல 20 சதவீதம் வேண்டும். இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் கடையில் நின்றபடியே போட்டுவிடலாம்: புரத கிராமை 4ஆல் பெருக்கி, மொத்தக் கலோரியால் வகுத்தால் போதும். முன்பக்க வாசகம் அதோடு தெளிந்துவிடும்.

அப்புறம் பொருட்களின் பட்டியல். எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில் எழுதுவது கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரவிதிகளிலேயே இருப்பதால், அநேகமாக எல்லா நாடுகளிலும் இந்த வரிசையை நம்பலாம். நம் பாரில் இப்படி இருக்கிறது: ஓட்ஸ், குளுக்கோஸ் சிரப், தாவர எண்ணெய், பழுப்புச் சர்க்கரை, தேன், பாதாம், மால்ட் சாறு, உப்பு, லெசித்தின். ஓட்ஸ் முதலில் இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. குளுக்கோஸ் சிரப், பழுப்புச் சர்க்கரை, தேன், மால்ட் சாறு என நான்கு பெயரில் சர்க்கரை பிரிந்து கிடக்கிறது. ஒன்றாகக் கூட்டினால் ஓட்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உறையில் பெரிதாகப் படம் போட்ட பாதாமோ, தேனுக்கும் பின்னால் இருக்கிறது.

தேனைப் பற்றி ஒரு வார்த்தை. தேன், பழரச அடர்சாறு, மேப்பிள் பாகு, அரிசிப் பாகு எல்லாம் கேட்க இதமாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேனும் பாகுகளும் பழரச அடர்சாறும் வெள்ளைச் சர்க்கரை இருக்கும் அதே பட்டியலில்தான் வருகின்றன. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பேரீச்சை விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பேரீச்சையை அரைத்து ஒட்ட வைத்த பார்களில் 'சேர்த்த சர்க்கரை 0' என்று இருக்கும். அமெரிக்க லேபிள் விதிப்படி அது சரி, ஏனென்றால் முழுப்பழத்தை அரைத்தது அங்கே சேர்த்த சர்க்கரை ஆகாது. பிரிட்டனில் பயன்படுத்தும் வரையறையிலோ பழ விழுதில் உள்ள சர்க்கரையும் தனிச் சர்க்கரைதான். அரைக்கும்போது பழத்தின் செல்கள் உடைந்து சர்க்கரை வெளியே வந்துவிடுகிறது என்பது அதற்குக் காரணம். ஒரே பார், இரண்டு நாட்டில் இரண்டு கணக்கு. என்னைக் கேட்டால், பேரீச்சையும் கொட்டையும் மட்டும் கொண்ட பார் குளுக்கோஸ் சிரப் பாரைவிட நல்லதுதான். நார்ச்சத்தும் தாதுக்களும் கூடவே வருகின்றன. ஆனால் இனிப்பு இனிப்புதான் என்பதை மறக்க வேண்டாம். 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியோடு 'மொத்தச் சர்க்கரை' என்ற வரியையும் பார்த்துவிடுங்கள்.

புரோட்டீன் பார் என்னும் தனி உலகம்

இப்போது எதிர்த் துருவத்தில் இருக்கும் ஒன்று. 60 கிராம் எடை, சுமார் 205 கலோரி, புரதம் 20 கிராம், கொழுப்பு 7, மாவுச்சத்து 25, அதில் நார்ச்சத்து 9, மால்டிட்டால் 10, சர்க்கரை 2 மட்டும். எண்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். சர்க்கரையே இல்லை, புரதம் கொட்டிக் கிடக்கிறது.

அந்த 9 கிராம் நார்ச்சத்து எங்கிருந்து வந்தது? ஓட்ஸிலிருந்தோ கொட்டையிலிருந்தோ இல்லை என்றால், பட்டியலில் இனுலின் அல்லது சிக்கரி வேர் நார் என்று இருக்கும். அது கெட்டதல்ல, பெருங்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு அது உணவு. ஆனால் அவை அதை நொதிக்க வைக்கும்போது வாயு உண்டாகும். பழக்கமில்லாத வயிற்றில் ஒரே நேரத்தில் 9 கிராம் இறங்கினால் உப்பசம், வயிற்று இரைச்சல் எல்லாம் வரலாம். நீண்ட பஸ் பயணத்தின் நடுவில் இது சின்ன விஷயமில்லை.

மால்டிட்டால் அடுத்தது. இந்த வகை இனிப்புகள் குடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. மிச்சம் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். ஐரோப்பாவில் ஒரு பொருளில் 10 சதவீதத்துக்கு மேல் இவை இருந்தால், அளவு மீறினால் பேதியாகலாம் என்ற எச்சரிக்கை கட்டாயம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: மால்டிட்டால் கிராமுக்கு 2 கலோரிக்குச் சற்று மேல் தருகிறது, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றுகிறது. எரித்ரிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹால் அநேகமாகக் கலோரியே தருவதில்லை. இரண்டும் லேபிளில் ஒரே தலைப்பின் கீழ்தான் வரும். அதனால் 'நெட் கார்ப்ஸ்' (நிகர மாவுச்சத்து) என்று நார்ச்சத்தையும் சர்க்கரை ஆல்கஹாலையும் மொத்தமாகக் கழித்துவிட்டு முன்பக்கத்தில் போடும் எண்ணை மட்டும் நம்பி இன்சுலின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. அந்த எண்ணுக்கு அமெரிக்காவில் சட்டப்படி ஒரு வரையறையே இல்லை.

புரதத்திலும் தரம் உண்டு. வே (பால் திரிந்தபின் பிரியும் தெளிநீர்), பால், முட்டை, சோயா ஆகியவற்றின் புரதத்தில் உடம்புக்கு அத்தியாவசியமான அமினோ அமிலங்கள் நல்ல அளவில் இருக்கின்றன. பட்டாணிப் புரதமும் மோசமில்லை. விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கொலாஜன் வேறு மாதிரி. அதில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அறவே இல்லை. தனியாக எடுத்தால் அதன் புரதத் தர மதிப்பு பூஜ்யம். கிராம் கணக்கில் மட்டும் அது புரதமாகவே எண்ணப்படும். 20 கிராமில் பாதி கொலாஜன் என்றால் தசைக்குக் கிடைப்பது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு. பட்டியலில் கொலாஜன் பெப்டைடு, ஜெலட்டின், ஹைட்ரலைஸ்டு கொலாஜன் என்று எதாவது முதல் இரண்டு மூன்று இடங்களில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் அடிப்படையான கேள்வி, 20 கிராம் வேண்டுமா என்பது. ஆரோக்கியமான பெரியவருக்குக் குறைந்தபட்சத் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். 60 கிலோ எடைக்கு நாளுக்கு 48 கிராம். உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் கூட வேண்டும். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் பலருக்கு இந்த அளவு சாதாரண உணவிலேயே வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த பார்களை வழக்கமாக்கவே கூடாது.

'ஹெல்த்தி' என்ற ஒரு சொல்லுக்காக நடந்த வழக்காடல்

முன்பக்க வாசகங்களை ஏன் அளவோடு நம்ப வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கைண்ட் என்ற பார் நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதன் சில பார்களில் நிறைவுற்ற கொழுப்பு அனுமதித்த அளவைவிட அதிகம், ஆகவே 'ஹெல்த்தி' என்று எழுதக் கூடாது என்றது கடிதம். பாதாம் போன்ற கொட்டைகளிலேயே அந்தக் கொழுப்பு இயல்பாக இருக்கிறது என்று நிறுவனம் வாதாடியது. அன்றிருந்த விதியில், கொழுப்பு குறைந்த சர்க்கரைத் தானியம் அந்தப் பெயருக்குத் தகுதி பெறலாம், கொட்டைகள் பெற முடியாது. 2016இல் நிர்வாகம் இறங்கி வந்தது, விதியையே மறுபரிசீலனை செய்யவும் ஒப்புக்கொண்டது. புதிய வரையறை இறுதியானது 2024 டிசம்பரில். சேர்த்த சர்க்கரைக்கு அதில் முதல் முறையாக வரம்பு வந்தது.

ஒரு நாடு ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 'இயற்கை', 'எனர்ஜி', 'ஃபிட்' மாதிரியான சொற்களுக்கோ அத்தனை அழுத்தமான காவலும் கிடையாது. வாங்குகிறவர் பக்கம் இருப்பது எண்களும் பொருள் பட்டியலும்தான்.

சரி, எதை எடுப்பது?

எதற்காகத் தின்னப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் நல்ல பார் என்று ஒன்றைக் காட்ட முடியாது. நீண்ட ஓட்டத்துக்கு நடுவில் என்றால் சர்க்கரை நிறைந்த, நாரும் கொழுப்பும் குறைந்த பார்தான் பொருத்தம். நார் அதிகமானால் ஓடும்போது வயிறு பிடித்துக்கொள்ளும். இரண்டு வேளை உணவுக்கு நடுவே பசியைத் தாங்க என்றால் கொட்டையும் விதையும் முன்வரிசையில் நிற்கும் ஒன்று வேண்டும். 150 முதல் 220 கலோரிக்குள், சேர்த்த சர்க்கரை 5, 6 கிராமுக்கு மேல் போகாமல், நார்ச்சத்து 3 கிராமுக்குக் குறையாமல், புரதம் 6 முதல் 10 கிராம் இருந்தால் எனக்குத் திருப்தி. இது என் கணக்கு, சட்டமல்ல.

ஒரு வேளை உணவே தவறிப்போகும் நாளுக்கு எந்த பாரும் தனியாகப் போதாது. 200 கலோரி ஒரு முழு உணவாகாது. அப்போது பாரோடு ஒரு பழம், ஒரு டம்ளர் பால் அல்லது தயிர் சேர்த்தால்தான் அடுத்த வேளை வரை தாங்கும். இரண்டு இனிப்பு பார்களை அடுத்தடுத்துத் தின்பது அதற்கு மாற்றல்ல.

இதில் கடிக்கும் வேகத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிச் செய்யாத உணவும் கொடுத்தார்கள். பதப்படுத்திய உணவு தந்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். அந்த ஆய்வு பார்களைப் பற்றியது அல்ல. ஆனாலும் மெல்லவே தேவையில்லாமல் நான்கு வாயில் மறைந்துவிடும் மெத்தென்ற பாரைவிட, முழு பாதாமும் முழு ஓட்ஸும் கண்ணுக்குத் தெரிய, பல்லுக்கு வேலை கொடுக்கும் பாரையே நான் எடுப்பதற்கு அது ஒரு காரணம்.

அளவை ஒப்பிடும்போது 100 கிராமுக்கு எவ்வளவு என்ற எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் பார் ஒன்றையும் 65 கிராம் பார் ஒன்றையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் சின்னதுதான் எப்போதும் நல்லதாகத் தெரியும். சோடியத்தில் பெரும்பாலான பார்கள் அவ்வளவு மோசமில்லை. சாக்லேட் மேற்பூச்சு உள்ளவற்றில் பாம் கர்னல் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சுமார் 80 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. சாதாரண வெப்பத்தில் பூச்சு உருகாமல் நிற்க அதைச் சேர்க்கிறார்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் படித்தே ஆக வேண்டும்; அதே பாரின் செய்முறை சொல்லாமல் மாறலாம். நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், சோயா, எள் எல்லாம் ஒரே ஆலையில் புழங்கும் தொழில் இது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கொட்டை உள்ள பார் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த பாரைப் பையோடு தரையில் வைக்காதீர்கள். சிறிய அளவு கூட நாயின் ரத்தச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும்.

கடைசியாக, பையில் கிடக்கும் பார். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் கொட்டைகளின் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். தேதி முடியாவிட்டாலும் பழைய எண்ணெய் வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். புரோட்டீன் பார் நாளாக ஆக இறுகுவது வேறு விஷயம். புரதம் மெல்ல மெல்ல ஈரத்தை இழுத்துக்கொண்டு கெட்டிப்படுவதால் அப்படி ஆகிறது. கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, பல்லுக்குத்தான் சிரமம். பேரீச்சையோ பாகோ எதுவானாலும் பற்களின் இடுக்கில் ஒட்டி நெடுநேரம் தங்கும் என்பதால், தின்றதும் வாய் கொப்பளிக்கவாவது தண்ணீர் கையில் இருக்கட்டும். இனுலின் நிறைந்த பாரைப் புதிதாக வாங்கினால், முதல் முறை பயண நாளில் வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரு நாளில் பாதியைத் தின்று பார்த்துவிட்டு, பிறகு பையில் போடுங்கள்.